நூற்றுப் பன்னிரண்டு மெதுவான பாட்டுகள்

என் மனைவிக்கு வலது காது கேட்காமல் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இடது காது போய் நாற்பத்து மூன்று நாள். இடது காது மங்கத் தொடங்கியதற்கும் முழுவதும் போனதற்கும் நடுவில், ஏறக்குறைய எட்டு மாதம், அந்த ஒற்றைக் காதுக்குள் பாட்டு போய்ச் சேர ஒரு வழி திறந்திருந்தது. அந்த எட்டு மாதத்தை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, காது கேட்கும் கருவி பொருத்துகிற நிலையம். பரிசோதனை செய்த சீனப் பெண்மணி ஒரு தாளில் கோடு வரைந்து மலாயில் விளக்கினார். உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். குக்கர் விசில், குருவி, சின்னப் பிள்ளைகளின் குரல் எல்லாம் போய்விட்டன. தாழ்ந்த ஒலிகள் இன்னும் நிற்கின்றன. கருவி இருப்பதைப் பெரிதாக்கும். போனதைத் திருப்பிக் கொண்டுவராது. பிறகு என்னைப் பார்த்து, "இவர் பாட்டு கேட்பாரா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

என் வாயசைவைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "கேட்பேன்" என்றாள்.

நாற்பத்தைந்து ஆண்டு ஒரே வீட்டில் இருந்தவர்கள் ஒரு கேள்விக்கு இரண்டு பதில் சொன்னதில் அந்தப் பெண்மணிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டார். "அப்படியென்றால் வாத்தியம் குறைந்த, குரல் தாழ்ந்த, மெதுவான பாட்டாகப் பார்த்துக் கொடுங்கள். இப்போதே கொடுங்கள்" என்றார். இப்போதே என்பதற்கு 'செக்காராங்' என்ற அந்த மலாய்ச் சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறை என்று எண்ணிக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

கருவியைப் பொருத்திவிட்டு, பழகட்டும் என்று இருபது நிமிடம் வெளியே உட்காரச் சொன்னார்கள். கூரையில் பதித்த ஒலிபெருக்கியிலிருந்து ஏதோ ஆங்கிலப் பாட்டு கசிந்துகொண்டிருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னங்க, இது கேக்குது."

"எது?"

"பாட்டுங்க. ஒரு ஆளு பாடுறான். முழுசா கேக்குது. உடையவே இல்ல."

அதற்கு முன் வீட்டில் வானொலி வைத்தால் அவளுக்குத் தட்டு விழுந்து உடைகிற மாதிரிதான் கேட்கும். நம் பாட்டுகளில் வயலின் கூட்டமும் பெண்குரலும் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரம் அவளுக்குப் போய்விட்டது. இந்தப் பாட்டு தரையோடு தரையாகப் போனது. நடுவில் ஓரிடத்தில் பாட்டு அப்படியே நின்றது. ஐந்து விநாடி ஒன்றுமே இல்லை. காதுதான் போய்விட்டதோ என்று பயந்து அவள் என் மணிக்கட்டை இறுக்கினாள். பாட்டு தொடர்ந்தது, பிடி தளர்ந்தது.

முடிந்ததும் எழுந்து போய் முகப்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "இப்ப ஓடிச்சே, அது என்ன பாட்டும்மா?"

"முந்தின பாட்டா? அது தெரியல அங்கிள். கலந்து கலந்து ஓடும்லா. இந்த லிஸ்ட்ல முந்நூறு பாட்டுக்கு மேல இருக்கு."

"லிஸ்டுக்குப் பேர் இருக்கா?"

"ஸ்லோகோர்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"பாட்டு வகை அங்கிள்." பிறகு யோசித்துவிட்டு, "எனக்கும் தெரியாது அங்கிள். பாஸ்தான் போட்டு வச்சாரு. தூக்கம் தூக்கமா வருது" என்றாள். அடுத்த சந்திப்புக்கான அட்டையின் பின்பக்கம் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி சொன்னாள்: "பிரிக்பீல்ட்ஸ் பாய்கிட்ட கேளுங்க. அவருக்குத் தெரியும்."

"எந்தப் பாய்?"

"கேசட் கடை பாய். உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான்.

அவள் பாட்டு கற்றவள் அல்ல. அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் தனக்குள் பாடுவாள். கொஞ்சம் கட்டைக் குரல். நான் கணித ஆசிரியர்; மூன்று தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டு. மாலையில் கூடத்து மேசையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்தால் சமையலறையிலிருந்து அவள் குரல் வரும். கூட்டல் தப்பும். "கொஞ்சம் நிறுத்தும்மா" என்பேன். நிறுத்திவிடுவாள். சண்டையெல்லாம் இல்லை. ஆண்டுகள் போகப்போக நான் அப்படிச் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனது. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் குழாய் மாற்றிய தேதி, கூரை ஒழுகிய தேதி, பூனை குட்டி போட்ட தேதி எல்லாம் என் குறிப்பேடுகளில் இருக்கின்றன. தேடிப் பார்த்தேன். அவள் பாடுவதை விட்ட தேதி இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு வகுப்பின் தாள்களை முழுவதும் திருத்தி, கூட்டி, மறுபடி கூட்டி, வரிசைப்படுத்திய பிறகுதான் திருப்பிக் கொடுப்பேன். பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்குமாகக் கொடுக்கிற ஆசிரியர்களை எனக்குப் பிடிக்காது. திருத்தத் திருத்த அளவுகோல் மாறும். நாற்பதாவது தாளைப் பார்த்த பிறகுதான் முதல் தாளுக்குப் போட்ட மதிப்பெண் சரியா என்று தெரியும். பிள்ளைகள் நச்சரிப்பார்கள். "முடியட்டும்" என்பேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கும் தலைநகரின் கே.எல். சென்ட்ரலுக்கும் நடுவில் பதின்மூன்று நிலையங்கள். அங்கிருந்து நடந்தால் பிரிக்பீல்ட்ஸ். பாயின் கடையில் இப்போது கேசட் இல்லை. போன் உறைகள், கேபிள்கள், காதில் மாட்டுகிற கருவிகள், தீப்பெட்டி அளவு ஒலிபெருக்கிகள். ஐம்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"நம்ம கிள்ளான் அக்கா வீட்டு சாரா? தங்கச்சி வீட்டுக்கு வர்றப்பல்லாம் இங்க வந்துட்டுத்தானே போவாங்க. அந்த ஸ்டூல்ல உக்காந்து மூணு கேசட் கேப்பாங்க, ஒண்ணு வாங்குவாங்க. சாருக்குப் பாட்டுன்னா ஆகாதுன்னு சொல்லியிருக்காங்களே."

"அப்படியா சொன்னா?"

"கோவமா இல்ல சார். சும்மா, சாருக்கு மீன் ஆகாதுங்கிற மாதிரி."

அந்தக் கேசட்டுகளை அவள் எப்போது கேட்டாள்? நான் பள்ளியில் இருந்தபோதுதான் கேட்டிருக்க வேண்டும். அதை அப்போது யோசிக்கவில்லை. அட்டையை நீட்டினேன்.

"ஸ்லோகோரா? சார் எடுத்த எடுப்புல ஆழத்துல இறங்குறீங்க" என்று சிரித்தார்.

"ஸ்லோ புரியுது. கோர்னா என்ன பாய்?"

"ஹார்ட்கோர்னு ஒண்ணு இருந்துச்சு சார். தலையில சுத்தியால அடிக்கிற மாதிரி வாசிப்பானுங்க. அதைக் கேட்டு அலுத்துப்போன சில பேரு எறும்பு ஊர்ற மாதிரி வாசிச்சானுங்க. அதோட வாலை எடுத்து இதுல ஒட்டிட்டாங்க."

"வாலை எடுத்து வேற மாட்டுல ஒட்டினா எப்படிங்க சரியாகும்?"

"நீங்க கணக்கு வாத்தியார்ங்கிறது நல்லாத் தெரியுது சார்."

என் போனில் பாட்டு கேட்கும் செயலியைப் போட்டுக் கொடுத்து, மெதுவான பாட்டுகள் என்னென்ன தலைப்பில் கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். நான் எழுதிக்கொண்டேன். முதல் நாளே பதினேழு பெயர்கள். ட்ரீம் பாப். டவுன்டெம்போ. சேம்பர் ஃபோக். போசா நோவா, இது பிரேசில் நாட்டுச் சரக்கு. யாட் ராக், பணக்காரர்கள் உல்லாசப் படகில் போகும்போது கேட்கிறதாம். படகில் கேட்டவர்கள் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. பெட்ரூம் பாப் என்று ஒன்று வந்ததும் நான் பேனாவை மூடினேன்.

"இது வேணாம் பாய். வீட்ல பொம்பள இருக்கா."

"ஐயோ சார்! ஸ்டூடியோ இல்லாம சொந்தப் படுக்கையறையில உக்காந்து பதிவு பண்றது. அவ்வளவுதான். நீங்க எங்க போயிட்டீங்க!" கடைக்கு வந்திருந்த இன்னொருவரும் சேர்ந்து சிரித்தார்.

ஷூகேஸ் என்றொரு பெயர், ஷூவைப் பார்ப்பது என்று பொருளாம். மேடையில் நின்றுகொண்டு தலையைத் தூக்காமல் தங்கள் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு வாசிப்பவர்களாம். இது எனக்குப் பிடித்தது. தலை குனிந்து சப்பாத்தைப் பார்க்கிறவன் கூச்சக்காரன். கூச்சக்காரன் சத்தம் போடமாட்டான். ஆகவே இது மெதுவான பாட்டு. மூன்று வரியில் நிரூபணம் முடிந்துவிட்டது.

புறப்படும்போது பாய் சொன்னார்: "சார், பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க. இதெல்லாம் கடையில தட்டுக்கு ஒட்டுற சீட்டு. ஒரு நாள் அக்காவைக் கூட்டிட்டு வாங்க. அந்த ஸ்டூல் இன்னும் இருக்கு. ஒவ்வொண்ணா போட்டுக் காட்டுறேன், கேக்குறதை எடுத்துக்கட்டும்."

"அவளுக்கு முழங்கால் வலி. ரயில் நிலையத்துல படி ஏற முடியாது" என்றேன். கே.எல். சென்ட்ரலில் மின்தூக்கிகள் இருக்கின்றன. எங்கெங்கே இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியும்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, பாயிடம் வாங்கிய ஒலிபெருக்கியை உணவு மேசையில் வைத்து, அவளை எதிரில் உட்காரவைத்து, ஷூகேஸில் முதல் பாட்டைப் போட்டேன். அந்தக் கூச்சக்காரர்கள் காலடியில் வைத்திருப்பது கிட்டார் ஒலியைப் பலமடங்காக்குகிற பெட்டிகள் என்பதும், அவற்றை மிதிப்பதற்காகத்தான் குனிந்து நிற்கிறார்கள் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும். சுவர் இடிந்து விழுந்தது போலிருந்தது. அவள் இரண்டு கையாலும் இடது காதைப் பொத்தி, கருவியைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். கண்ணில் தண்ணீர்.

"என்னங்க இது, மரம் அறுக்கிற மில்லுக்குள்ள தள்ளிவிட்ட மாதிரி!"

"மெதுவான பாட்டுன்னுதான் நெனச்சேன்."

"இனிமே நல்லாப் பாத்துட்டுப் போடுங்க."

சாதாரணமாகச் சொன்னதுதான். இன்னும் ஒன்றைப் போட்டிருந்தால் கேட்டிருப்பாள். நான் அதை ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் நானே கேட்டு, சோதித்து, வரிசைப்படுத்தி, பிழையில்லாத ஒரு பட்டியலாகத்தான் அவள் முன்னால் வைப்பது என்று முடிவு செய்தேன்.

எண்பது பக்க நோட்டு ஒன்று. ஆறு கட்டங்கள்: வரிசை எண், வகை, நேரம், வாத்தியங்களின் எண்ணிக்கை, குரல், நிமிடத்துக்கு எத்தனை தட்டு. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பதுபோல் கடிகாரத்தைப் பார்த்துத் தட்டுகளை எண்ணுவேன். எழுபத்தைந்துக்கு மேல் போனால் தள்ளுபடி. நான்கு வாத்தியத்துக்கு மேல் இருந்தால் தள்ளுபடி. குரல் உயர்ந்தால் தள்ளுபடி.

இதோடு நின்றிருந்தால்கூட வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அந்தப் பெயர்கள் என்னை விடவில்லை. ஒவ்வொரு பாட்டும் அதனதன் வகையில் சரியாக உட்கார வேண்டும் என்று நினைத்தேன். ஸ்லோகோருக்குப் பக்கத்தில் சாட்கோர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று பத்தொன்பது நாள் பார்த்தேன். மெதுவாகப் போனால் ஸ்லோகோர். மெதுவாகப் போய் அழவும் செய்தால் சாட்கோர் என்று கடைசியில் எழுதிவைத்தேன். மறுவாரமே, ஒரே பாட்டை ஓரிடத்தில் ஸ்லோகோர் என்றும் இன்னோரிடத்தில் சாட்கோர் என்றும் மூன்றாமிடத்தில் ட்ரீம் பாப் என்றும் போட்டிருந்தார்கள். நான்கு நிமிடப் பாட்டுக்கு மூன்று பெயர். உட்பிரிவுகளை மரமாக வரைந்தேன். மரம் கிளைவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனது. சந்தேகம் கேட்கப் பிரிக்பீல்ட்ஸுக்குப் பதினொரு முறை போனேன்.

"இன்னுமா சார் அக்காவுக்குப் போட்டுக் காட்டல?" என்று பாய் ஆறாவது முறை கேட்டார். "பசியாற வந்தவங்களை உக்கார வச்சுட்டு நீங்க மெனு எழுதிக்கிட்டிருக்கீங்களே."

"முடியட்டும் பாய்" என்றேன்.

ஒரே ஓரிடத்தில்தான் அவள் காதை நினைத்து ஏதோ எழுதியிருக்கிறேன். லோ-ஃபை என்கிற வகையில், வேண்டுமென்றே பழைய நாடாவின் இரைச்சலை விட்டுவைப்பார்கள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அந்த இரைச்சல் உயர்ந்த ஒலி, அவளுக்குக் கேட்காது. 'இவளுக்கு இது என்னைவிடச் சுத்தமாகக் கேட்கும்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். எழுதிய அன்றே போட்டுக் காட்டியிருக்கலாம். வரிசை எண் இருபத்தாறு அது.

இத்தனையும் அவள் எதிரில்தான் நடந்தது. நான் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். எதிர் நாற்காலியில் அவள் கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பாள். என் விரல் தட்டுவதைப் பார்ப்பாள்.

"நல்லாருக்கா?"

"ம்."

"என்ன பாட்டு?"

"டவுன்டெம்போ."

தலையை ஆட்டிவிட்டுக் கீரையைப் பார்ப்பாள்.

"ரெடியாயிருச்சா?" என்று நான்கு முறை கேட்டாள். முதல் முறை ஆவலாக. இரண்டாம் முறை சிரித்துக்கொண்டு, "எனக்கு எழுபத்தொண்ணு முடியுது, ஞாபகம் வச்சுக்குங்க." மூன்றாம் முறை தயங்கி: "முழுசா இல்லாட்டியும் பரவாயில்லைங்க. ஒண்ணே ஒண்ணு." நான்காம் முறை, வேறெதையோ பேசும்போது நடுவில். பிறகு கேட்கவில்லை. செராஸிலிருந்து மகளும் போனில் சொன்னாள்: "அப்பா, அம்மாவுக்கு ஒண்ணொண்ணா போட்டுக் காட்டுங்களேன். பரீட்சையா வைக்கிறீங்க?"

அவள் மூன்றாம் முறை கேட்டபோது அந்தப் பாட்டு என்னிடம் இருந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நிலையத்தில் அவள் கேட்ட அதே பாட்டு. மூன்றாம் மாதமே கிடைத்துவிட்டது. ஸ்லோகோர் என்ற தலைப்பில் கிடைத்ததையெல்லாம் வரிசையாகக் கேட்டுவந்தபோது, ஒன்று நடுவில் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. தொடர்ந்தது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருப்பிப் போட்டு மறுபடி எண்ணினேன். ஐந்துதான். அவள் அப்போது பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்காது, எழுந்து போய்த் தோளைத் தொட வேண்டும். பன்னிரண்டு அடி தூரம். நான் எழுந்திருக்கவில்லை. நோட்டின் முதல் வரியை இதற்காகவே வெறுமையாக விட்டிருந்தேன். வரிசை எண் ஒன்று என்று எழுதி நிரப்பினேன். பட்டியலைக் கொடுக்கிற அன்றைக்கு முதலில் இது வரும், அவள் முகம் எப்படி மாறும் என்று எண்ணிப் பார்த்து மகிழ்ந்துகொண்டேன். ஐந்து மாதம் அப்படி மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

நாற்பத்து மூன்று நாளைக்கு முன், காலை ஏழு மணி. அவள் கட்டிலில் உட்கார்ந்து கருவியில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள். மாற்றிக் காதில் வைத்தாள். கழற்றினாள். இன்னொன்றை மாற்றினாள். மூன்றாவதையும் மாற்றியபோது என்னைப் பார்த்து, "பேட்டரியெல்லாம் செத்துக் கிடக்குங்க" என்றாள். சொன்ன குரல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. நான் கருவியை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். தெருவில் லோரி போகிற சத்தம் இடிபோல் கேட்டது. மூன்று பேட்டரியும் நல்ல பேட்டரிதான்.

மருத்துவமனையில் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்றார்கள். என் பட்டியல் அப்போது நூற்று நான்கில் நின்றது. காது திரும்பினால் தயாராக இருக்கவேண்டுமே என்று அந்தப் பத்து நாளில் மருத்துவமனை வரிசைகளில் உட்கார்ந்து மீதி எட்டையும் முடித்தேன். காது திரும்பவில்லை. அறுவைச் சிகிச்சை செய்து உள்ளே கருவி வைக்கலாம், பேச்சு ஓரளவு புரியலாம், பாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது என்று மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவள் இதயம் ஏற்கெனவே பலவீனம். தாளைப் படித்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலை. மேசையில் ஒலிபெருக்கியை வைத்து, அவளை உட்காரச் சொல்லி, வரிசை எண் ஒன்றைப் போட்டேன். கடைசி அளவுவரை சத்தத்தை ஏற்றினேன். அவள் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஓடியது. நின்றது. ஐந்து விநாடி. தொடர்ந்தது. அவள் கை மேசைமேல் சும்மா இருந்தது.

"போட்டுட்டீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் அழவில்லை. கையை நீட்டி நோட்டை இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள். பெயர்களை வாய்விட்டுப் படித்தாள். "ஸ்லோகோர். சேம்பர் ஃபோக். லோ-ஃபை. பெட்ரூம் பாப்... ஐயே, என்னங்க இது?" பாய் சொன்ன விளக்கத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். சிரித்தாள். சிரிப்புச் சத்தமும் பெரிதாக இருந்தது. அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது. இருபத்தாறாம் வரிசையில் ஓரத்துப் பென்சில் எழுத்தைப் படித்தபோது மட்டும் விரல் நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போனாள்.

நூற்றுப் பன்னிரண்டு வரை படித்து முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

"இந்த முதல் பாட்டு எப்படி இருக்கும்?"

நான் கட்டங்களைத் தொட்டுக் காட்டினேன். நான்கு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. மூன்று வாத்தியம். ஆண், கட்டைக் குரல். அறுபத்து நான்கு தட்டு.

"அதான் போட்டிருக்கே. எப்படி இருக்கும்னு கேக்குறேன்."

பேனாவை எடுத்தேன். மெதுவாக இருக்கும் என்று எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டு, இன்னும் வரும் என்பதுபோல் காத்திருந்தாள். அந்தப் பாட்டை நான் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். தட்டுகளை எண்ணினேன், வாத்தியங்களை எண்ணினேன், அந்த மனிதன் எதைப் பற்றிப் பாடுகிறான் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மற்ற நூற்றுப் பதினொன்றும் அப்படித்தான். எட்டு மாதம் அவள் கேட்டிருக்க வேண்டியதை நானும் கேட்கவில்லை.

"சரி விடுங்க, அப்புறம் எழுதுங்க" என்று நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அரிசி களையப் போனாள்.

அன்றிலிருந்து ஏழாவது கட்டம் ஒன்று போட்டிருக்கிறேன். 'எப்படி இருக்கும்' என்று தலைப்பு. பாட்டை ஓடவிட்டு, விரலை மணிக்கட்டில் வைக்காமல் உட்கார்ந்து, எழுதிப் பார்க்கிறேன். எழுதியதை அவளிடம் கொடுக்கிறேன், அன்றன்றைக்கே. கண்டிப்பான ஆசிரியை. 'இனிமையாக இருக்கும்' என்று எழுதினால் அடித்துவிடுகிறாள். "இது எல்லாப் பாட்டுக்கும் எழுதலாம்" என்கிறாள். ஏதோ ஒன்றுக்கு 'நதிபோல் ஓடும்' என்று எழுதினேன். "பொய். நீங்க எந்த நதியைப் பாத்தீங்க? கிள்ளான் ஆத்தையா?" என்றாள்.

முதல் பாட்டுக்கு மட்டும் இப்படி எழுதியிருக்கிறேன்: 'ஒருவன் வீடு மாறிப் போகிறான். சாமான்கள் எல்லாம் லோரியில் ஏறிவிட்டன. அவன் மட்டும் காலி அறையில் நின்று பாடுகிறான். நடுவில் பாட்டு நின்றுவிடும். ஐந்து விநாடி. அன்றைக்கு அது நின்றபோது நீ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாய். மறுபடி வந்ததும் விட்டாய்.'

அதையும் விரல் வைத்துப் படித்தாள்.

"ஆமா. அது நெனப்பிருக்கு" என்றாள். பிறகு, "அடுத்தது?"

அடுத்தது வரிசை எண் இரண்டு. சேம்பர் ஃபோக், மூன்று நிமிடம் எட்டு விநாடி. நல்ல பாட்டு என்றுதான் இப்போது கேட்கும்போது தெரிகிறது. ஆனால் அதைக் கேட்ட நாளில் அவள் எனக்கு எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், காது இருந்தது, நான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி அவளிடம் கொடுக்கவில்லை. மீதி நூற்றுப் பதினொன்றில் எதிலும் அவள் என் கையைப் பிடித்த இடம் இல்லை. ஏழாவது கட்டத்தில் அங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல், பாட்டை முதலிலிருந்து மறுபடி போடுகிறேன்.